மடித்து வைத்த இருட்டு

1940-களில் ஒரு நாள். ஆலப்புழையில் இசைக்கருவிகளைப் பழுது பார்க்கும் கடை ஒன்றுக்குப் புகைப்படக்காரர் ஒருவர் வருகிறார். அவர் தூக்கி வந்திருப்பது ஆர்மோனியம் அல்ல, கேமரா. லென்ஸ் பொருத்திய முன்பலகைக்கும் தகடு செருகும் பின்பலகைக்கும் நடுவே இருக்கும் மடிப்பு உறை கெட்டுப்போயிருக்கிறது. கடைக்காரரிடம் அதைச் சரிசெய்து தர முடியுமா என்று கேட்கிறார்.

தவறான கடைக்கு வந்துவிட்டார் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் அவர் சரியாகவே யோசித்திருக்கிறார். ஆர்மோனியத்தின் முதுகில் மடிந்து விரியும் பகுதியும் கேமராவின் இடுப்பில் மடிந்து விரியும் பகுதியும் ஒரே குடும்பம். அதில் காற்று ஒழுகினால் சுதி நிற்காது. இதில் வெளிச்சம் ஒழுகினால் படம் நிற்காது. ஒழுகலை அடைக்கத் தெரிந்த கைக்கு, ஒழுகுவது எது என்பது அடுத்த கேள்விதான்.

அந்தக் கடைக்காரரின் மகன் கருணாகரன் அந்த வேலையை ஏற்றுக்கொண்டார். அதன் பிறகு நடந்ததைச் சொல்வதற்கு முன்னால், அவர் கைக்கு வந்து சேர்ந்த அந்தப் பொருள் அதுவரை வந்த வழியைப் பார்த்துவிடலாம்.

தமிழில் அதற்குப் பெயர் துருத்தி. ஸ்டுடியோக்காரர்கள் 'பெல்லோஸ்' என்பார்கள். கொல்லன் உலையில் இருக்கும் துருத்தி காற்றைத் தள்ளி நெருப்பை வளர்க்கிறது. ஆர்மோனியத் துருத்தி காற்றைத் தள்ளி நாக்குகளை அதிரவைக்கிறது. கேமராத் துருத்தி எதையும் தள்ளுவதில்லை. அதன் வேலை ஒன்றே ஒன்று: உள்ளே இருக்கும் இருட்டு இருட்டாகவே இருக்கும்படி பார்த்துக்கொள்வது.

கேமரா என்ற சொல்லுக்கே லத்தீனில் அறை என்றுதான் பொருள். படம் பிடிக்கும் கருவி பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இருட்டறைச் சுவரில் வெளியுலகம் தலைகீழாக விழுவதை மனிதர்கள் பார்த்திருக்கிறார்கள். கூரை வீட்டில் வளர்ந்தவர்கள் இதைப் பார்ப்பதற்கு எங்கும் போக வேண்டியதில்லை. கீற்று இடுக்கு எந்த வடிவத்தில் இருந்தாலும் தரையில் விழும் வெயில் பொட்டு வட்டமாகவே இருக்கும். அது ஓட்டையின் வடிவம் அல்ல, சூரியனின் படம். பாதிச் சூரியகிரகணத்தன்று பார்த்தால் தரையெங்கும் பிறை பிறையாகக் கிடக்கும்.

துருத்தியில் விழும் ஊசித்துளையும் இப்படித்தான். அது வெறும் கிழிசல் அல்ல. அழைக்காமல் வந்த இன்னொரு லென்ஸ்.

பெட்டியிலிருந்து மடிப்புக்கு

1839-இல் டாகேர் என்பவரின் புகைப்பட முறை பாரிஸில் உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது விற்பனைக்கு வந்த கேமரா, ஒரு மரப்பெட்டிக்குள் இன்னொரு மரப்பெட்டி நகரும் அமைப்பு. லென்ஸுக்கும் தகட்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை மாற்றினால்தான் படம் தெளியும். அதற்காக உள்பெட்டியை இழுத்தும் தள்ளியும் சரிசெய்தார்கள். ஆனால் மரப்பெட்டி சுருங்காது. பெரிய படம் வேண்டுமென்றால் பெரிய பெட்டி. அதைத் தூக்க ஆள், ஏற்ற வண்டி.

அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே பிரெஞ்சுப் பிரபு ஒருவர், பியேர் அர்மான் செகியே, எடை குறைந்த ஒரு சாதனத் தொகுதியை முன்வைத்தார். அதில் மூன்று கால் ஸ்டாண்டு இருந்தது. பெட்டியின் இடத்தில் துருத்தியும் இருந்தது. யோசனை நல்லதுதான். ஆனால் அது பரவலாகப் பழக்கத்துக்கு வர மேலும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

1856-இல் பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர் கேப்டன் பிரான்சிஸ் ஃபௌக் துருத்திக் கேமரா ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். லண்டனின் ராயல் ஆல்பர்ட் ஹாலுக்கு முதல் வரைபடம் போட்டவரும் இவர்தான். மறு ஆண்டே ஸ்காட்லாந்துக் கட்டடக் கலைஞர் கின்னியர் ஒரு திருத்தம் செய்தார். ஃபௌக்கின் துருத்தி இரு முனையிலும் ஒரே அகலம் கொண்டது. சுருக்கினால் மடிப்பின்மேல் மடிப்பு ஏறி நின்றது. கின்னியர் அதை லென்ஸ் பக்கம் குறுகிப் போகும்படி செய்தார். ஒன்றுக்குள் ஒன்று அடுக்கிய டம்ளர்களைப் போல ஒவ்வொரு மடிப்பும் அடுத்ததற்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு கை நீளத்துக்கு இழுக்கக்கூடிய கேமரா, மூடினால் கனமான புத்தகம் அளவுக்கு வந்துவிட்டது. கட்டடம் கட்டுகிறவர்கள் இருவர் அடுத்தடுத்து இதில் கைவைத்தது எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை. அவர்கள் கட்டியதும் ஓர் அறையைத்தான். மடித்துத் தோளில் மாட்டிக்கொள்ளும் அறை.

நீளம் எதற்கு என்றால், பொருள் அருகே வரவர லென்ஸ் தகட்டைவிட்டு விலக வேண்டும். ஒரு பூவை அதன் அசல் அளவிலேயே படமெடுக்க வேண்டுமானால், லென்ஸின் குவியத் தூரத்தைப்போல் இரு மடங்கு துருத்தியை இழுக்க வேண்டும். 12 அங்குல லென்ஸுக்கு 24 அங்குலம். மரப்பெட்டியால் முடியாத அந்தக் காரியத்தைத் தோலும் அட்டையும் துணியும் செய்தன.

மூன்று அடுக்கு

நல்ல துருத்தியைப் பிரித்துப் பார்த்தால் மூன்று அடுக்கு தெரியும். வெளியே மெலிதாகச் சீவிய ஆட்டுத்தோல், அல்லது தோல்போலப் பூச்சுக் கொடுத்த துணி. உள்ளே நெருக்கமாக நெய்த கறுப்புப் பருத்தித் துணி. இரண்டுக்கும் நடுவே பட்டை பட்டையாக வெட்டி ஒட்டிய அட்டை. பட்டைக்கும் பட்டைக்கும் இடையே சின்ன இடைவெளி விட்டிருப்பார்கள். மடிப்பு விழுவது அங்கேதான். அட்டை இருக்கும் இடம் விறைப்பாக நிற்கும், இல்லாத இடம் வளையும். நான்கு பக்கங்களும் சந்திக்கும் மூலைகளில் அட்டை கிடையாது. அங்கே தோலும் துணியும் மட்டுமே தம்மைத் தாமே மடித்துக்கொள்ள வேண்டும்.

நோய் தொடங்குவதும் அங்கேயேதான். ஒவ்வொரு முறை கேமராவைத் திறந்து மூடும்போதும் எல்லா மூலைகளும் ஒரே கோட்டில் மடிகின்றன. தோலில் மேல்பூச்சு முதலில் உதிரும், பிறகு நார் தேயும், கடைசியில் உள்துணி இழை விடும். இருட்டைச் சுருட்டி எடுத்துப்போக வழி செய்த மடிப்பே இருட்டு ஒழுகவும் வழி செய்கிறது.

மடிப்பு மட்டும் காரணமல்ல. மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட பழைய தோல், காற்றிலுள்ள அமிலத்தை வாங்கி வாங்கிச் சிவந்த பொடியாக உதிரும். கடற்கரை ஊர்களில் பூஞ்சை பிடிக்கும். மாவுப் பசை போட்டு ஒட்டியிருந்தால் கரப்பானுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் அது விருந்து. நம் ஊர் பைண்டிங் கடைகளில் மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பது இந்தப் பூச்சிகளுக்குப் பயந்துதான்.

சட்டைப்பைக்குள் போன துருத்தி

பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் கண்ணாடித் தகட்டுக்குப் பதிலாகப் படச்சுருள் வந்தது. துருத்தி ஸ்டாண்டிலிருந்து இறங்கிக் கைக்கு வந்தது. கோடக்கின் தொடக்க கால மடிப்புக் கேமராக்கள் சிலவற்றில் துருத்தி சிவப்பு நிறத்தில் இருக்கும். வெளியே எந்த நிறமாக இருந்தாலும் கவலையில்லை. உள்ளே கறுப்பாக இருந்தால் போதும்.

1912-இல் வெஸ்ட் பாக்கெட் கோடக் வந்தது. பெயருக்கேற்றபடி, கோட்டுக்கு உள்ளே அணியும் வெஸ்ட்டின் பைக்குள் அடங்கியது. கத்தரிபோல் விரியும் கம்பிகளைப் பிடித்து இழுத்தால் துருத்தி முன்னே வரும். முதல் உலகப் போரில் அதைச் சிப்பாயின் கேமரா என்றே விளம்பரம் செய்தார்கள். பதுங்குகுழிச் சேற்றுக்கும் மழைக்கும் அந்தச் சின்னத் தோல் மடிப்பு ஈடுகொடுத்தாக வேண்டியிருந்தது.

அதே வகைக் கேமரா ஒன்று எவரெஸ்ட் சிகரத்துக்கு அருகே இன்னமும் கிடக்கலாம். 1924 ஜூன் 8 அன்று மேலே ஏறிக்கொண்டிருந்த மலையேறிகள் மலோரியும் இர்வினும் மேகத்துக்குள் மறைந்தார்கள், திரும்பவில்லை. மலோரியிடம் இருந்த கேமரா அவருடையதல்ல, கூடப்போன ஹோவர்டு சோமர்வெல் கொடுத்தது என்று சொல்லப்படுகிறது. இந்தச் சோமர்வெல் நமக்கு அந்நியரில்லை. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், அன்று திருவிதாங்கூரில் இருந்த நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் பல ஆண்டுகள் அறுவை மருத்துவராக இருந்தவர். பிறகு வேலூரிலும் பணியாற்றினார்.

1999-இல் மலோரியின் உடல் கிடைத்தது, கேமரா இல்லை. 2024-இல் பனியாற்றில் இர்வினின் ஒரு பாதம் மட்டும், காலுறையில் அவர் பெயரோடு கிடைத்தது. அங்கேயும் கேமரா இல்லை. அது கிடைத்தால், இருவரும் உச்சியைத் தொட்டார்களா என்ற கேள்விக்கு விடை உள்ளே உறைந்திருக்கக்கூடும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

துருத்தியை அறிந்தவர்கள் இதை வேறு விதமாக யோசிப்பார்கள். எடுத்து முடித்த படங்கள் சுருளில் காப்புக் காகிதத்தோடு சுற்றப்பட்டுவிடும். துருத்தி கிழிந்தாலும் அவை அவ்வளவு எளிதில் கெடாது. சுற்றப்படாமல், சட்டத்தில் நேரே விரிந்து நிற்கும் ஒரே ஒரு படத்துக்குத்தான் துருத்தி காவல். கடைசியாக எடுத்த படம் அதுவாகவே இருக்கலாம்.

எங்கே ஒழுகுகிறது?

துருத்தியில் ஓட்டை என்பதைப் பெரும்பாலும் படம் கழுவி வந்த பிறகே கண்டுபிடிப்பார்கள். அச்சில் வெள்ளைத் திட்டு, புகைபோல ஒரு கீற்று. அதைப் பார்த்ததும் துருத்திமேல் பழி போட்டுவிடக் கூடாது. நெகட்டிவை எடுத்துப் பார்க்க வேண்டும். கறை படத்தின் எல்லைக்குள் மட்டுமே நின்றால் துருத்தி வழியே வந்த வெளிச்சம். ஏனென்றால் அது படச்சட்டத்தைக் கடந்துதான் வந்தாக வேண்டும். கறை ஓரத்தைத் தாண்டிச் சுருளின் விளிம்புவரை பரவியிருந்தால் பின்கதவோ, எண் பார்க்கும் சிவப்புச் சன்னலோ ஒழுகுகிறது.

இன்னொரு சூட்சுமம்: ஷட்டர் திறக்கும் நொடியின் நூறில் ஒரு பங்கில் ஊசித்துளையால் பெரிய கேடு வராது. திறந்த கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெயிலில் அலையும் நிமிடங்கள்தான் கெடுக்கின்றன. அதனால்தான் ஒரே கேமரா நிழலில் நல்ல பிள்ளையாகவும் கடற்கரையில் துரோகியாகவும் நடந்துகொள்ளும்.

ஓட்டையைக் கண்டுபிடிக்க இருட்டறையும் சின்ன டார்ச்சும் போதும். படச்சுருளை எடுத்துவிட்டுப் பின்கதவைத் திறந்து, டார்ச்சைத் துருத்திக்குள் விட்டு, கண் இருட்டுக்குப் பழகும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு மூலையாகச் சாய்த்துப் பார்க்க வேண்டும். முழுக்க விரித்து ஒரு முறை, பாதி விரித்து ஒரு முறை. ஏனென்றால் சில துளைகள் மடிப்பு இறுகும்போது ஒளிந்துகொள்ளும், சில விரியும்போது. கண்ட இடத்திலெல்லாம் சாக்பீஸால் குறி வைத்துக்கொள்ளலாம். இரண்டு மூன்று துளை என்றால் ஒட்டு. மூலைக்கு மூலை வெளிச்சம் என்றால் புதுத் துருத்திதான்.

ஒட்டும் மாற்றும்

ஒட்டுப் போடுவதில் செய்யக் கூடாதவை முதலில். கறுப்பு இன்சுலேஷன் டேப் வேண்டாம்; அதன் தடிமனால் மடிப்பு சரியாக மூடாது, வெயிலில் பசை இளகி வழியும். நகப்பூச்சு வேண்டாம், காய்ந்தால் கண்ணாடியாகி நான்காவது மடிப்பில் வெடிக்கும். மரவேலைக்கான வெள்ளைப் பசையும் வஜ்ஜிரமும் காய்ந்தால் விறைக்கும். பலகைக்கு அது நல்லது, மூலைக்கு ஆகாது.

செய்ய வேண்டியது: காய்ந்த பிறகும் வளைகிற பூச்சு. துணிக்குப் பூசும் கறுப்பு வண்ணத்தையோ, கறுப்பு ரப்பர் பூச்சையோ மெல்லிய தூரிகையால் இரண்டு மூன்று முறை மெலிதாகத் தடவ வேண்டும். தடித்த ஒரே பூச்சு வேலைக்கு உதவாது. துருத்தியை விரித்து வைத்தே காயவிட வேண்டும். அவசரப்பட்டு மூடினால் மடிப்போடு மடிப்பு ஒட்டிக்கொள்ளும், மறுமுறை திறக்கும்போது பழைய துளையோடு புதுக் கிழிசலும் கிடைக்கும். துளை பெரிதென்றால் மெல்லிய கறுப்புத் தோலையோ துணியையோ மூலையின் வடிவத்துக்கு வெட்டி, செருப்புத் தைப்பவர் வைத்திருக்கும் ரப்பர் பசை போன்ற ஒன்றால், முடிந்தால் உள்பக்கமாக ஒட்டலாம். ஒட்டு எவ்வளவு மெலிதோ அவ்வளவு நல்லது. தடித்த ஒட்டு பக்கத்து மூலையை இழுத்து, அங்கே அடுத்த ஓட்டைக்கு வழி செய்துவிடும்.

புதிதாகச் செய்வது வேறு விளையாட்டு. பழைய துருத்தியைக் கழற்றும்போதே அளவெல்லாம் எழுதிக்கொள்ள வேண்டும்: எத்தனை மடிப்பு, பெரிய முனையின் அகலம், சிறிய முனையின் அகலம், முழுக்க இழுத்தால் எவ்வளவு நீளம், மூடினால் எவ்வளவு கனம். கடைசி அளவை மறந்தவர்கள், அழகான துருத்தி செய்த பிறகு கேமராவை மூட முடியாமல் விழிப்பார்கள்.

பிறகு அதே சரிவில் ஒரு மரக்கட்டை செய்து, அதன்மேல் உள்துணியைச் சுற்றி ஒட்ட வேண்டும். துணியின்மேல் பென்சிலால் கோடு போட்டு, அட்டைப் பட்டைகளை ஒவ்வொன்றாக, இடைவெளி மாறாமல் ஒட்ட வேண்டும். ஒரு நூல் பிசகினாலும் மடிப்பு கோணலாகும். அதன்மேல் தோலை இழுத்துப் போர்த்தி, அட்டையின் ஓரங்கள் புடைத்துத் தெரியும்படி விரலால் நீவிவிட வேண்டும். தோலும் துணியும் சேரும் தையல் எப்போதும் அடிப்பக்கம் வர வேண்டும். வெயில் மேலிருந்துதான் விழுகிறது.

பசை முழுக்க இறுகுவதற்கு முன்னால் கட்டையிலிருந்து உருவி, குறுகிய முனையிலிருந்து மடிக்கத் தொடங்க வேண்டும். இரண்டு கைகளின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நான்கு பக்கத்தையும் ஒரே நேரத்தில் கிள்ள வேண்டும். முதல் இரண்டு மடிப்பு அடம்பிடிக்கும். மூன்றாவதிலிருந்து அதுவாகவே வரும். கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து அமுக்கி, மேலே பாரம் வைத்து ஓர் இரவு விட்டுவிட வேண்டும். காலையில் எடுத்து இழுத்தால் அது மூச்சு விடும்.

மூச்சு என்பது வெறும் பேச்சில்லை. துருத்தியை வெடுக்கென்று இழுத்தால் உள்ளே காற்றழுத்தம் குறைந்து, படச்சுருள் முன்னே உப்பிவிடும். தூசியும் உள்ளே போகும். அதனால்தான் பழைய ஆட்கள் மடிப்புக் கேமராவை மெல்லத் திறப்பார்கள், திறந்த பிறகே சுருளை அடுத்த எண்ணுக்கு நகர்த்துவார்கள். ஆர்மோனியக்காரருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வாகீஸ்வரி

மீண்டும் ஆலப்புழை. கருணாகரன் அந்தத் துருத்தியைச் சரிசெய்து கொடுத்தார். ஒரு பொருளைச் சரிசெய்கிறவர் அதைப் பிரித்துப் பார்க்கிறார். செய்து விற்றவர் வெளியே காட்டாத இடங்களையெல்லாம் பார்க்கிறார். துருத்தி எப்படி நிற்கிறது என்று தெரிந்தவருக்கு, அதைத் தாங்கும் சட்டமும் அதை நகர்த்தும் பல்சக்கரமும் தெரியாமல் போகாது. சிறிது காலத்தில் அவர் சொந்தமாகவே ஒரு கேமரா செய்தார். தேக்கு மரத்தில் உடல், பித்தளையில் பூட்டும் திருகும், நடுவே அவருக்கு நன்கு தெரிந்த துருத்தி. லென்ஸ் மட்டும் வெளிநாட்டிலிருந்து. பெயர் வாகீஸ்வரி. வாக்குக்கு அதிபதியான கலைமகளின் பெயர். இசைக்கருவிக் கடையில் பிறந்த குழந்தைக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்!

அந்தக் கேமரா கேரளத்தோடு நிற்கவில்லை. இந்தியா முழுக்க ஸ்டுடியோக்களுக்குப் போனது. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும் மாப்பிள்ளை பெண்ணைப் பார்த்து, "அசையாதீங்க" என்று சொல்லி, லென்ஸ் மூடியைக் கையால் எடுத்து மனத்துக்குள் எண்ணி மூடிய அந்தத் தலைமுறை ஸ்டுடியோக்காரர்களில் பலர் வாகீஸ்வரியைப் பழகியவர்கள். கைக்கடக்கமான கேமராக்கள் மலிந்தபோது, 1980-களோடு அதன் காலம் முடிந்தது. இன்று மிஞ்சியிருப்பவை கண்ணாடி அலமாரிகளிலும் சேகரிப்பாளர் வீடுகளிலும் நிற்கின்றன. தேக்கு அப்படியே இருக்கும். பித்தளையைத் துடைத்தால் மின்னும். துருத்தியைத் தொட்டால்தான் கையில் பொடி ஒட்டும்.

அப்படி ஒன்றை மீண்டும் வேலைக்குக் கொண்டுவர நினைப்பவர், துருத்தியை மாற்றிய பிறகு கடைசியாக ஒரு சோதனை செய்வார். பிளேட் செருகும் சட்டத்தில் ஒரு புரோமைடு தாளை வைத்து, கேமராவில் பொருத்தி, துருத்தியை முழுக்க இழுத்து, லென்ஸை மூடியே வைத்து, உச்சிவெயிலில் கொண்டுபோய் நிறுத்துவார். தாளை மறைக்கும் தகட்டை உருவிவிட்டு அரை மணி நேரம் காத்திருப்பார். கேமராவைச் சுற்றி எல்லாப் பக்கமும் திருப்பி வெயில் காட்டுவார். பிறகு தாளை இருட்டறைக்குக் கொண்டுபோய் டெவலப்பரில் போடுவார்.

எங்கேனும் ஒரு மூலை ஒழுகியிருந்தால் தாளில் கறுப்பு ஏறும். ஒன்றும் ஏறாமல் தாள் போட்டபடியே வெள்ளையாகக் கிடந்தால், ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் தட்டை ஆட்டிப் பார்ப்பார். வெள்ளைதான். அவர் எடுக்க நினைத்த படம் அதுதான்: முழு இருட்டின் படம்.